எண்ணெய் ஏரியைக் கடந்தவன்

கதையில் குகை இன்னும் வந்திருக்காது. வந்திருந்தால் பிள்ளை இப்படிக் காலை ஆட்டிக்கொண்டு வாசிக்க மாட்டாள். கொம்பையா பேத்தியை ஓரக்கண்ணால் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார், எதிர்ச்சுவரில் சிரித்துக்கொண்டிருந்த பொம்பளையின் படத்தை மறுபடியும் முறைத்தார். வழுவழுவென்று ஒரு கன்னம். தோல் டாக்டரிடம் வருகிறவன் என்ன மனசோடு படியேறி வருகிறான் என்று இந்த டாக்டருக்குத் தெரியுமா? மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பாளையங்கோட்டைக்கு வருகிறாராம், வந்து இந்த மாடியில் ஒரு கன்னத்தை மாட்டி வைத்திருக்கிறார், அதற்குக் கீழே இத்தனை பேரும் டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அபிஷா மட்டும்தான் எதையும் பார்க்காமல் வாசிக்கிறாள். அவளுடைய உதட்டோரத்தில், கடுகு அளவில் தொடங்கி இப்போது நெல்மணி மாதிரி நீண்டுவிட்ட அந்த வெள்ளையை அவர் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. மருமகள் நேரே எதுவும் சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே வாசலைப் பார்த்துச் சொன்னாள், எங்க வீட்டுப் பக்கம் யாருக்கும் இது கிடையாது என்று. வாசலுக்குத் தெரியட்டும் என்று சொன்ன மாதிரி. கொம்பையா தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். முழங்கைவரைக்கும் வெள்ளை ஏறி, நடுவில் அங்கங்கே பழைய கறுப்பு தீவு தீவாக மிஞ்சிய கை. இதில் எந்த வெள்ளை பிள்ளைக்குப் போயிற்று? மருமகளின் அந்தச் சொல்லையும் அவர் மறக்கப்போவதில்லை. மறக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் இவளோடு நாள் தவறாமல் சேர்ந்து சாப்பிடுகிற பிள்ளை, தண்ணீர் பாட்டிலை நீட்டினால் வேண்டாம், எங்கம்மா திட்டுவாங்க என்று சொன்னாளாம். அபிஷா வீட்டுக்கு வந்து பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுத்தவள்தான். இனிமேல் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று ஒரே பேச்சு. அப்போதுதான் அவர் வாயை விட்டார். உலகத்திலேயே பெரிய வீரன் ஒருத்தனுக்கு மேலெல்லாம் இதே புள்ளிதாம்ட்டி என்று. சும்மா சொல்லாதீங்க என்றாள். சும்மா இல்லை, புஸ்தகத்திலேயே போட்டிருக்கான் என்றார். காட்டுங்க, புக்குல இருந்தா நாளைக்கே போறேன், இல்லன்னா என்னை யாரும் எழுப்பக் கூடாது என்றாள். பத்து வயசுப் பிள்ளை, வக்கீல் மாதிரி பேசுகிறாள்.

புஸ்தகம் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் மாசத்துக்கு ஒரு அத்தியாயமாக வந்த மாயாஜாலத் தொடரை யாரோ புண்ணியவான் மொத்தமாகச் சேர்த்து அச்சடித்திருக்கிறான், ஜங்ஷன் புஸ்தகக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். அட்டையைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். அப்புறம் எரிச்சல் வந்தது. அட்டையில் குதிரைமேல் இளவரசன். படம் போடுகிறவன் எங்கே கதையைப் படிக்கிறான், கிரீடம் வைத்தவனைக் கண்டால் போதும், தூக்கி அட்டையில் வைத்துவிடுவான். அந்த வீரன் புள்ளியன் உள்ளே இருப்பான் என்று கொம்பையா புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் கிளாஸோடு நின்ற படிப்புக்கு ஒரு பக்கம் முடிக்க ஒரு பொழுது ஆகும். அவருக்கு எதற்குப் படிக்க வேண்டும்? காதிலேயே இருக்கிறது. சின்ன வயசில் வேலை பார்த்த முக்கூடல் பீடிக்கடையின் நீண்ட கொட்டகை, தூளின் நெடி, வரிசையாகச் சம்மணமிட்டவர்கள் மடியில் முறம் மாதிரிச் சுளவு, சுளவில் இலையும் தூளும், கத்தரி போகிற சத்தம். நடுத்தூணில் சாய்ந்து ஒரே ஒருத்தர் மட்டும் பீடி சுற்றாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வாசிக்கிற வேலை. காலையில் பேப்பர். மத்தியானம் சோறு உண்டு கண்ணைச் சொக்குகிற நேரத்தில் நூல் கட்டுகிற சின்னப் பிள்ளைகள் தூங்கி விழாமல் இருப்பதற்காக மாயாஜாலக் கதை. அவர் வாசிக்கிற நேரத்துக்கு ஈடாக ஆளுக்கொரு கைப்பிடி பீடியைச் சுற்றி அவர் சுளவில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் பார்த்தால் சுற்றுகிறவனைவிட வாசித்தவன் சுளவு நிறைந்திருக்கும். ஞானதிரவியம் என்று பேர். கடை முழுக்க அண்ணாச்சி, அண்ணாச்சி என்று உருகும். கொம்பையா அந்த ஆளை அண்ணாச்சி என்று கூப்பிட்டு அறுபது வருஷம் நெருங்குகிறது. ஆனால் குரலை என்ன செய்ய? குரல் போகமாட்டேன் என்கிறது. வெண்கலப் பானைக்குள் பேசின மாதிரி ஒரு குரல். இக்கட்டான இடம் வந்தால் நிறுத்திவிட்டுக் கத்தரியால் சுளவின் விளிம்பை இரண்டு தட்டுத் தட்டுவார். டொக், டொக். கொட்டகையில் ஒரு கையும் ஓடாது. கான்ட்ராக்டர்கூட வெற்றிலையை மெல்லாமல் நிற்பார். பிள்ளை ஒரு பக்கத்தைத் திருப்பினாள். காகிதச் சத்தம். அந்தச் சத்தமும் அதேதான்.

கதையில் புள்ளியனை ஊரைவிட்டு விரட்டுகிற இடத்தில்தான் கொம்பையாவுக்கும் கையில் முதல் வெள்ளை வந்தது. அதே மாசமா, அடுத்த மாசமா? இல்லை, அதே மாசம்தான், கோயில் கொடைத் திருவிழா கழிந்த கையோடு. பெருவிரல் நகத்தடியில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துச் சுரண்டினான். போகவில்லை. பக்கத்து சுளவு செல்லக்கனி அக்கா பார்த்துவிட்டு, ஏலே இது என்னலே என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்சம்தான். ஒரு சாண். அந்த ஒரு சாண் மறுநாள் ஒரு முழமாயிற்று. பீடி ஊரார் வாய்க்குப் போகிற பொருள், பெரிய வியாதி ஏதும் ஒட்டிக்கொண்டால் கடைப் பேரே கெட்டுவிடும் என்று கான்ட்ராக்டர் அவனை இலையிலிருந்து எடுத்து, வாசல் பக்கம் தனிச்சாக்கில் லேபிள் ஒட்டப் போட்டார். அதற்காகக்கூட அவனுக்கு அவ்வளவு வருத்தமில்லை. வாசலில் காற்று வரும். கதை கேட்கும். புள்ளியனும் வாசலில்தானே நிற்கிறான், மந்திரவாதி கபாலகேதுவின் நிழல் விழுந்து பிறந்தவன் என்று சொல்லி எந்த வீட்டிலும் உள்ளே விடாமல். அவனைத்தான் இளவரசன் வழிகாட்டக் கூட்டிக்கொண்டு போகிறான். குகைக்குள் போகிறார்கள். குகைக்கு அந்தப்பக்கம் எண்ணெய் ஏரி. அங்கே அத்தியாயம் முடிந்தது. அடுத்த மாசப் புஸ்தகம் வருகிறவரைக்கும் கொம்பையா சோறு சரியாகத் தின்னவில்லை. வந்த அன்று மத்தியானம் அந்த ஆள் பிரித்தார், முதலில் தனக்குள்ளே கண்ணை ஓட்டினார், வெகு நேரம் ஒன்றும் வாசிக்கவில்லை. என்ன அண்ணாச்சி, பக்கம் ஏதும் ஒட்டிக்கிட்டா என்று யாரோ கேட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அப்பா, அன்றைக்கு வாசித்த வாசிப்பு. அந்த ஏரிக்குத் தன்மேல் விழுகிற உருவம் இன்னது என்று பிடிபட்டால்தான் விழுங்க முடியும். இளவரசனின் பொன்னான மேனியை அது பார்த்தவுடன் கண்டுகொண்டு இழுத்தது. புள்ளியன் இறங்கினான். எது தோல், எது வெளிச்சம், எது நிழல் என்று ஏரிக்கு விளங்கவில்லை. விளங்காமல் கலங்கிக்கொண்டே கிடந்தது. அவன் இளவரசனைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரைக்கே போய்விட்டான். கொட்டகை முழுக்க ஒரு மூச்சு விட்டது. செல்லக்கனி அக்கா தன்னை அறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொம்பையா கையை முதன்முதலாக வெயிலில் நீட்டி வைத்துக்கொண்டான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் எழுந்து போனான். போயிருக்கக் கூடாது. அண்ணாச்சி, ஒரே ஒரு மட்டம் அந்தப் படத்தைக் காட்டுங்க என்று கை நீட்டினான். மற்ற மாசமெல்லாம் வாசித்து முடித்ததும் புஸ்தகம் கைக்குக் கை மாறிக் கொட்டகையைச் சுற்றி வரும், கடைசியில் யாராவது எண்ணெய்க் கை பட்டுத் திட்டு வாங்குவார்கள். அன்றைக்கு அந்த ஆள் புஸ்தகத்தைப் பட்டென்று மூடித் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். “தொடாதலே,” என்றார். அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னால். யாரோ சிரித்தார்கள். வெள்ளைக்கை பட்டால் எழுத்தெல்லாம் அழிஞ்சிருமோ என்று யாரோ சொன்னார்கள், அதற்கு இன்னொரு சிரிப்பு. அதற்கப்புறம் ஆறேழு மாசம் கதை ஓடியது, புள்ளியன் எத்தனையோ செய்தான், அந்த ஆள் வாசித்து வாசித்துத் தொடைக்குக் கீழே வைத்தார், கொம்பையா ஒரு நாளும் கேட்கவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து கதையை மட்டும் எடுத்துக்கொண்டான், வாசித்தவனை விட்டுவிட்டான். கதை வேறு, ஆள் வேறு. புள்ளியனைப் பற்றி இவ்வளவு அழகாக வாசிக்கிற வாய்தான் புள்ளி விழுந்த பையனைத் தொடாதே என்று சொன்னது, இதைவிடப் பெரிய வேஷம் உண்டா என்று பிற்காலத்தில் பெண்டாட்டியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார், அவள் செத்துப்போகிறவரைக்கும் சொன்னார். அவளும், அந்த மனுசன் செத்தே எவ்வளவு நாளாச்சு, விடுங்களேன் என்று சொல்லிப் பார்த்தாள். விடுவதா. பீடிக்கடையை விட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் டீக்கடை போட்ட முதல் நாள் பால் பொங்கிப் பொங்கி அடங்குகிறது, ஒருத்தன் கிட்டே வரவில்லை, இந்தக் கையால் எவன் குடிப்பான் என்று எதிர்க்கடைக்காரன் காது கேட்கவே சொல்கிறான். அப்போது என்ன செய்தார்? அக்கரைக் கோட்டைக் கதவு யாரடா நீ என்று கேட்டதும் புள்ளியன் சொன்னான் அல்லவா, “நான்தான் புள்ளியன், கதவைத் திற” என்று. அதை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, நான்தான் கொம்பையா, டீ சூடா இருக்கு என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினார். முதலில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தது யார்? வேறு யார், அந்த ஆள்தான். வேடிக்கை பார்க்க வந்திருப்பார். ஓசிப் பேப்பரை எடுத்து விரித்து அதே வெண்கலக் குரலில் உரக்க வாசிக்க ஆரம்பித்தார், கேட்க ஆள் கூடிவிட்டது, கூடினவன் சும்மா நிற்பானா, டீயைக் குடித்தான். நாள் தவறாமல் வந்தார். கொம்பையாவும் நாள் தவறாமல் ஆறின டீயாகப் பார்த்துக் கொடுத்தார். அந்த ஆள் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போவார். கடைசியில் அந்த ஆளின் பாடை அந்த வழியாகத்தான் போனது. கொம்பையா எதிரே சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. தோளில் கிடந்த துண்டையும் எடுக்கவில்லை. நேரே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அது வேறு விஷயம், வெக்கை.

கால் நின்றுவிட்டது. அபிஷாவின் கால் ஆடவில்லை. குகை. கொம்பையா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாய்க்குள் ஒரு எச்சில் ஊறியது, அந்தக் காலத்துப் பசி மாதிரி. இப்போது ஏரி வரும். இப்போது அவள் திரும்பி, ஆமா தாத்தா என்பாள். பிள்ளையின் கண் வரியில் ஓடி, நின்று, மறுபடி மேலே போய் ஓடியது. ஒரு பக்கம் திருப்பினாள். அதில் படம் இருந்திருக்க வேண்டும், முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம் புஸ்தகத்தை அவர் மடியில் வைத்தாள். வைத்ததில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“செத்துட்டான் தாத்தா.”

“யாரு? இளவரசனா?”

“புள்ளியன். அவன் கெட்டவன். மந்திரவாதியோட ஆளு. குகைக்குள்ள வச்சு இளவரசனைக் காட்டிக் கொடுக்கப் பார்த்தான். இளவரசன் குத்தி ஏரியில தள்ளிட்டாரு.”

இருக்காது என்றார். வேறே கதையாக இருக்கும், பக்கம் மாறித் தைத்திருப்பான் என்றார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, விரலை வரிக்குக் கீழே வைத்து ஓட்டினார். பு. ள். ளி. புள்ளியன். ‘உடலில் புள்ளி கொண்டவன் உள்ளத்திலும் கறை கொண்டவனே’ என்றான் இளவரசன். விரல் அங்கே நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தார், மறுபடி அங்கேயே நின்றது. பக்கத்தில் முழுப்பக்கப் படம், எண்ணெய்க்கு மேலே ஒரு கை மட்டும் தெரிகிறது, புள்ளி புள்ளியாக. மிச்சப் பக்கங்களைப் படத்தையும் அந்தப் பேரையும் மட்டும் தேடிப் புரட்டினார். இளவரசன், இளவரசி, கழுகு, கல்யாணம். புள்ளியன் என்ற பேரே கிடையாது. தோளில் தூக்கியது இல்லை. கோட்டைக் கதவு இல்லை. யாரடா நீ என்று கேட்க ஆளே இல்லை. அப்படியென்றால் ஆறேழு மாசம்? கொட்டகையில் ஓடின அந்த ஆறேழு மாசம் எங்கேயிருந்து வந்தது? தப்பாகக் கேட்டிருப்பேனோ, காய்ச்சலில் கனவு கண்டிருப்பேனோ. இல்லை, செல்லக்கனி அக்கா திரும்பிப் பார்த்தாளே, அது கனவா? பிரித்த அன்றைக்கு வெகு நேரம் வாசிக்காமல் இருந்தது. தொண்டையைச் செருமினது. வாசிக்கிறதுபோலக் கண்ணை வரியில் வைத்துக்கொண்டே, அந்த ஆள், அந்த மனுசன், வாயாலேயே கட்டிச் சொல்லியிருக்கிறார். மாசா மாசம். அத்தனை பேருக்கும். ஒருத்தனுக்காக என்று நினைக்கக் கூசியது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை துப்பட்டா நுனியால் உதட்டோரத்தை மூடிக்கொண்டு சுவரில் இருந்த கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முதல் தடவையாக.

இந்தப் பிள்ளையை நாளைக்கு யாரும் எழுப்பக் கூடாது. அதுதான் பேச்சு. கொம்பையா புஸ்தகத்தை மறுபடி அந்தப் பக்கத்தில் பிரித்தார். தொண்டையைச் செருமினார். செருமின சத்தம் தன்னுடையது மாதிரி இல்லை.

“நீ அவசரத்துல விட்டுட்ட. இன்னும் இருக்கு, கேளு,” என்றார். கண்ணை வரியில் வைத்துக்கொண்டார். “தள்ளப்பட்ட புள்ளியன் எண்ணெய்க்குள் மூழ்கவில்லை. ஏனென்றால் அந்த ஏரிக்குத் தன்மேல் விழும் உருவம் இன்னது என்று பிடிபட்டால்தான் விழுங்க முடியும்.”

பேச்சு வழக்கு எங்கோ போய்விட்டது. புஸ்தகத் தமிழ் அவர் வாயில் தடுக்காமல் வந்தது, மூன்றாம் கிளாஸ் வாயில். வெண்கலப் பானை. அவருக்கே கேட்டது. வாழ்நாள் முழுக்க ஆகாத குரல், நெஞ்சுக்குள்ளேயே குடியிருந்து இப்போது எழுந்து வந்து பேசுகிறது, நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் மனசில்லை. அபிஷா எட்டிப் பக்கத்தைப் பார்த்தாள். இதுல அப்படி இல்லியே என்று வாயெடுத்தாள். அவருடைய விரல் வரிக்குக் கீழே நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த விரலைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள், சும்மா இருந்துவிட்டாள். துப்பட்டா நுனி விரலிலிருந்து நழுவியது. தள்ளிவிட்ட இளவரசனையே புள்ளியன் தோளில் தூக்குகிற இடத்தில் எதிர்வரிசையிலிருந்து ஒரு குட்டிப் பிள்ளை, முழங்கையில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை, அம்மா கையை விடுவித்துக்கொண்டு வந்து அவர் முழங்காலைப் பிடித்து நின்றது. பின்னாலேயே அதன் அம்மாவின் காதும் வந்தது. மருந்துச் சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள் பார்ப்பதை நிறுத்தினார். கோட்டைக் கதவு யாரடா நீ என்று கேட்டது. கொம்பையா நிறுத்தினார். ஆள்காட்டி விரல் தானாகப் போய் நாற்காலிக் கையை இரண்டு தட்டுத் தட்டியது. டொக், டொக்.

“நான்தான் புள்ளியன்,” என்றார். “கதவைத் திற.”

குட்டிப் பிள்ளை மூச்சை விட்டது. அந்தப் படத்தைக் காட்டு என்று புஸ்தகத்துக்கு மேலே கையை நீட்டியது. கொம்பையா சுதாரிப்பதற்குள் அபிஷா அவர் மடியிலிருந்து புஸ்தகத்தைப் பிடுங்கிப் பட்டென்று மூடித் தன் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“தொடக் கூடாது,” என்றாள்.

குட்டியின் முகம் சுண்டிப்போயிற்று. அபிஷா அதைக் குனிந்து பார்த்து, படம் நல்லா இல்ல பாப்பா, கதைதான் நல்லா இருக்கு என்றாள். அதற்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை, நீட்டின கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டது. கொம்பையா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க்கு மேலே ஒரு கை மட்டும் தெரிகிற படம். வாசலிலிருந்து எழுந்து வந்த பையன் அதைப் பார்த்திருந்தால். இன்னொரு கையும் இருந்தது. ஆமாம், இருந்தது, இத்தனை வருஷமாக அதை எங்கே போட்டு வைத்திருந்தார்? அன்றைக்கு அவனுக்கு முன்னாலேயே செல்லக்கனி அக்காவும் கை நீட்டினாள். அண்ணாச்சி, இங்கன தாங்க என்று. அவளுக்கும் காட்டவில்லை. அந்த மாசத்திலிருந்து யாருக்குமே காட்டவில்லை. ஆறின டீயை ஒன்றும் சொல்லாமல் குடித்தவர், இதையும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, அபிஷா யாரும்மா என்று கேட்டாள். பிள்ளை புஸ்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து, நான்தான் என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“மிச்சத்தை நாளைக்குச் சொல்லணும் தாத்தா. ஸ்கூல் விட்டு வந்ததும். மறந்துறக் கூடாது.”

“எனக்கா மறக்கும்,” என்றார்.

“உங்களுக்கு யாரு வாசிச்சுக் காட்டினாங்க?”

கொம்பையா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஞானதிரவியம் அண்ணாச்சி,” என்றார்.